அசைன்மெண்ட் யார் எழுத வேண்டும்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஸார், எல்லா வீட்டுக்கும் உபயோகமா ஏதாவது பேசுங்கோ" என்று காரியதரிசி சொன்னார். யோசித்துப் பார்த்ததில், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு நம் வீடுகளில் அதிகம் அடிபடும் சொல் "அசைன்மெண்ட்" என்று தோன்றிற்று. பிள்ளை தூங்கிப் போயிருப்பான். அம்மா சார்ட் பேப்பரில் படம் ஒட்டிக்கொண்டிருப்பாள். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அழகான கையெழுத்தில் தலைப்பு எழுதிக்கொண்டிருப்பார். சிரிக்கிறீர்கள், ஆகவே எல்லா ஊரிலும் இதே கதைதான் போலிருக்கிறது.

இது சின்ன விஷயமில்லை. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் முக்கியப் பாடங்களில் 100க்கு 20 மதிப்பெண் பள்ளியிலேயே போடப்படுகிறது. பன்னிரண்டாவதில் பௌதிகம், ரசாயனம், உயிரியலில் செய்முறைக்கு 30. கணக்குப்பதிவியல் பிராஜெக்டுக்கு 20. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான படிப்புகளில் அசைன்மெண்டுக்கு 30 சதவீதம். அதைக் கொடுக்காவிட்டால், பரீட்சையில் பாஸானாலும் அந்தப் பாடம் முடிந்ததாகாது. இவ்வளவு மதிப்பெண் இருப்பதால்தான் பெரியவர்கள் பேனாவைக் கையில் எடுத்துவிடுகிறோம்.

ஆனால் எதற்காக இதை வைத்தார்கள்? பரீட்சை மூன்று மணி நேரம். அங்கே தப்பு செய்தால் போயிற்று, திருத்த நேரமில்லை. அசைன்மெண்டில் தப்பு செய்யலாம், கண்டுபிடிக்கலாம், திருத்தலாம். தப்பு செய்வதற்குச் சர்க்காரே கொடுத்திருக்கும் அனுமதிச் சீட்டு அது. அதை நாம் பிள்ளையிடமிருந்து பறித்துக்கொள்ளக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

நான் பௌதிகம் படித்தவன். அதிலிருந்தே ஓர் உதாரணம். தனி ஊசல் பரிசோதனை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நூலின் நீளம் ஒரு மீட்டர் என்றால், 20 அலைவுகளுக்குச் சுமார் 40 விநாடி ஆகும். குண்டை விடும்போது "பூஜ்யம்" என்று எண்ண ஆரம்பிக்க வேண்டும். பையன் "ஒன்று" என்று ஆரம்பித்துவிட்டால், அவன் 20 என்று சொல்லும்போது உண்மையில் 19 அலைவுதான் ஆகியிருக்கும். கடிகாரம் 38 விநாடி காட்டும். கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதிலாக 10.9 என்று வரும். இப்போது என்ன செய்வான்? பக்கத்துப் பையனைப் பார்த்து 9.8 வரும்படி அளவுகளை மாற்றி எழுதினால் மதிப்பெண் கிடைக்கும், பௌதிகம் கிடைக்காது. 10.9 என்று உள்ளபடி எழுதி, "ஏன் அதிகமாக வந்தது?" என்று தேடி, எண்ணிக்கைத் தப்பைக் கண்டுபிடித்தானானால், ஆயுசுக்கும் பூஜ்யத்திலிருந்து எண்ண மறக்க மாட்டான்.

ஒவ்வொரு பாடத்தின் அசைன்மெண்டும் ஒவ்வொன்றைக் கேட்கிறது. கணக்குப்பதிவியலில் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுத்து நடப்பு விகிதம் போடச் சொல்வார்கள். நடப்புச் சொத்தை நடப்புப் பொறுப்பால் வகுப்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. புஸ்தகத்தில் 2க்கு 1 என்று போட்டிருக்கிறதே, இந்தக் கம்பெனிக்கு ஏன் குறைவாக இருக்கிறது என்பதுதான் கேள்வி. அன்றாடம் ரொக்கத்துக்கு விற்கும் கடைக்கும், ஆறு மாதக் கடனுக்கு விற்கும் தொழிற்சாலைக்கும் வித்தியாசம் உண்டு என்று பெண் தானாக எழுதினால் அதுவே பிராஜெக்ட்.

சமூக அறிவியலில் நுகர்வோர் விழிப்புணர்வு என்று தலைப்பு வந்தால், கடையில் படம் வாங்கி ஒட்டுவானேன்? சமையலறை அலமாரியிலிருந்து பத்துப் பாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த தேதி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பட்டியல் போடச் சொல்லுங்கள். பாட்டியும் கூட உட்காரலாம். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எதற்கு என்பது குழந்தைக்குத் தானே விளங்கும்.

இனி நம்மவர்கள் கொஞ்சம் மனசு வைத்துக் கேட்க வேண்டிய விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் பெண் பன்னிரண்டாவது அறிவியல், தம்பி ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் தொழில் படிக்கிறான். அக்காவின் ரெக்கார்ட் நோட்டை அப்பா, சித்தப்பா, மாமா எல்லோரும் புரட்டிப் பார்க்கிறார்கள். தம்பியின் நோட்டை ஒருவரும் தொடுவதில்லை. ஒரு நாள் நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்து, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்து, வெர்னியரால் அளந்திருக்கிறான். 0.02 மில்லிமீட்டர் வரை அளவு. வரைபடம், கருவிகள், வேலையின் வரிசை எல்லாம் எழுதியிருக்கிறான். 48 மில்லிமீட்டர் வர வேண்டிய இடத்தில் 47.86 என்று உள்ளபடி போட்டு, "அதிகம் ராவிவிட்டேன்" என்று கீழே ஒரு வரி. ராவிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆனாலும் மறைக்கவில்லை. அன்று அந்த வீட்டில் நான் பார்த்த நேர்மையான விஞ்ஞானக் குறிப்பு அதுதான் என்று அவன் அப்பாவிடம் சொன்னேன். பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

1950லிருந்து நம் தேசத்தில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் நடக்கிறது. தையல் படிக்கும் பெண் தைத்து ஒட்டும் மாதிரிக் கோப்பும், எலக்ட்ரீஷியன் பையன் வரையும் வயரிங் படமும் இஞ்சினியரிங் மாணவனின் ரெக்கார்டுக்குக் குறைந்தவை அல்ல. நம் வீட்டில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், அதன் நோட்டை வாங்கிப் பாருங்கள். அதற்கு வேறு உதவி கூடத் தேவையில்லை.

முன்பு பள்ளிக்கூட வாசலில் தயார் பிராஜெக்ட் விற்றார்கள். 2022ஆம் வருஷக் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, கடைக்குப் போகும் சிரமமும் போயிற்று. கேட்டால் நொடியில் எழுதிக் கொடுக்கிறது. சில சமயம் இல்லாத புஸ்தகத்தின் பெயரையும் கூசாமல் சேர்த்துக் கொடுக்கிறது. அதைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆனால் எழுதுவது பிள்ளையின் கையாக இருக்கட்டும். அது சொல்லும் ஒவ்வொரு தகவலையும் பாடப் புஸ்தகத்தோடு ஒத்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் பெரியவர்கள் என்னதான் செய்வது? மூன்று காரியம் சொல்கிறேன். முதலாவது, அசைன்மெண்ட் வந்த அன்றே கேள்வியைப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். "விவரி", "ஒப்பிடு", "காரணம் கூறு" இவை மூன்றும் ஒன்றல்ல. கேட்டது ஒன்று, எழுதியது ஒன்று என்பதால் போகும் மதிப்பெண்ணே அதிகம். முப்பத்தாறு வருஷம் சர்க்கார் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன், கேள்வி புரியாமல் எழுதிய குறிப்பு எத்தனை பக்கமானாலும் திரும்பித்தான் வரும்.

இரண்டாவது, கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பே முடிக்கப் பழக்குங்கள். அந்த மூன்று நாள் திருத்துவதற்கு.

மூன்றாவது, வெளியூரில் வாழும் நமக்கென்றே உள்ள வசதி. பிள்ளை ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ எழுதி முடித்ததும் எதிரில் உட்கார வைத்து, "இதைத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். பார்த்து எழுதியதை வேறு பாஷையில் சொல்ல வராது. புரிந்து எழுதியதைத் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடும். எங்கே திக்குகிறதோ அங்கே பாடம் இன்னும் ஏறவில்லை என்று நமக்கும் தெரியும், குழந்தைக்கும் தெரியும். நமக்கு அந்தப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. காது இருந்தால் போதும். கூடவே வீட்டில் நாலு வார்த்தை தமிழும் புழங்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துப் பாருங்கள். பேனா பிள்ளையிடம் இருக்கட்டும். பக்கத்து நாற்காலியில் நாம் இருப்போம்.