நிலாவெளிக் கடற்கரையில் நாங்கள் கண்டதும் கற்றதும்

     

கடல் கடந்து சென்று கடற்கரையில் தங்கி வந்த கதையை இவ்விழாவிலே சொல்லுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். சரஸ்வதிபுரத்திலும் குவெம்புநகரிலும் வாழும் நண்பர்களாகிய நாங்கள் ஆறு குடும்பத்தினர், குழந்தைகள் உட்பட 22 பேர், சென்ற கோடை விடுமுறையில் இலங்கையின் கீழைக்கரையிலே ஒரு வாரம் தங்கியிருந்தோம். அங்கே கண்டவற்றுள் சிலவற்றையும், அங்கே எங்கள் உள்ளத்தில் எழுந்த ஒரு கேள்வியையும் உங்கள் முன் வைக்க விழைகிறோம். அக்கேள்விக்கு விடை காண்பது தனிக் குடும்பங்களால் ஆவதன்று. சங்கம் முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டிய பணி அது.

மைசூரில் வாழும் நாம் கடல் மட்டத்திற்கு 750 மீட்டருக்கும் மேலே வாழ்கிறோம். நம் குழந்தைகளுக்குப் பெரிய நீர்ப்பரப்பு என்றால் கிருஷ்ணராஜசாகரந்தான். ஆகவே இவ்வாண்டு கடலுக்குப் போவதென்று முடிவு செய்ததும், எந்தக் கடல் என்ற வாதம் எழுந்தது. கோவா என்றார் ஒருவர். தாய்லாந்து என்றார் மற்றொருவர். எங்களுள் மூத்தவர், “வெளிநாடும் பார்க்க வேண்டும், அங்குள்ளவரோடு மனம் விட்டுப் பேசவும் வேண்டும். திருகோணமலைக்குப் போவோம்” என்றார். அச்சொல்லே முடிவாயிற்று.

போக விரும்பும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. இலங்கையின் இரு கரைகளுக்கும் பருவம் வேறு வேறு. காலி, ஹிக்கடுவை முதலிய தென்மேற்குக் கரைகளில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலை முதலிய கீழைக்கரைகளுக்கு ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை நற்காலம். தசரா விடுமுறையிலே செல்வோர் இருபுறமும் மழையை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். நம் பள்ளிகளின் கோடை விடுமுறைதான் கீழைக்கரைக்கு ஏற்றது.

இக்கடலைக் கடப்பது முன்னோர்க்குப் புதிதன்று. 1914ஆம் ஆண்டிலே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னை எழும்பூரிலே கொழும்புக்குப் பயணச்சீட்டு வாங்கி, தனுஷ்கோடி வரை ரயிலிலும், பின் கப்பலிலும், மறுபடி ரயிலிலுமாக மக்கள் சென்று வந்தனர். 1964 டிசம்பரில் அடித்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அவ்வழியும் அத்தோடு அற்றது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் தொடங்கப்பட்டது. நாங்களோ குழந்தைகளை எண்ணி பெங்களூரிலிருந்து விமானம் ஏறினோம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் கட்டுநாயக்காவில் இறங்கினோம். அங்கிருந்து வாடகைப் பேருந்திலே தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகத் திருகோணமலையை அடைவதற்குத்தான் ஒரு பகல் முழுதும் வேண்டியிருந்தது.

திருகோணமலை நகருக்கு வடக்கே பதினைந்து கிலோமீட்டர் அளவில் இருப்பது நிலாவெளி. மெல்லிய வெண்மணல் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கிறது. மங்களூரிலும் மல்பேயிலும் கதிரவன் கடலில் மறையக் கண்டவர்கள் நாங்கள். இங்கே அவன் கடலிலிருந்து எழக் கண்டோம். முதல் நாள் விடியலில் எங்கள் குழந்தைகள் எவரும் எழுப்பாமலே எழுந்து நின்றார்கள் என்றால், அக்காட்சியின் பெருமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

எனினும் கடல் விளையாட்டுப் பொருளன்று. உள்ளூர் மீனவரிடம் கேட்டு, அவர் காட்டிய இடத்தில் மட்டுமே இறங்கினோம். சிறுவர்களை முழங்கால் ஆழத்திற்கு அப்பால் விடவில்லை. கரையிலிருந்து உள்நோக்கி இழுக்கும் நீரோட்டத்தில் அகப்பட்டால் அதை எதிர்த்து நீந்தலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு தளர்ந்த பின்னரே கரை திரும்ப வேண்டும். இதனை நீந்தத் தெரிந்தவரும் மனத்தில் கொள்ளுதல் நலம்.

கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் புறாமலை என்னும் சிறு தீவு இருக்கிறது. மாடப்புறாக்கள் தங்குவதால் அப்பெயர் பெற்றது. 2003இல் அதனைத் தேசியப் பூங்காவாக்கினர். படகிலே சென்று, கண்ணாடி முகமூடி அணிந்து, நீருக்குள் முகம் புதைத்துப் பார்த்தோம். மீன்களின் வண்ணங்களைச் சொல்லி முடியாது. பவளப்பாறை என்று நாம் சொல்வது வெறும் பாறையன்று. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு. திரண்ட பாறையாக வளரும் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே உயரும். ஒரு மனிதன் காலூன்றி நின்றால் பல ஆண்டுகளின் உழைப்பு நொடியிலே நொறுங்கும். ஆதலால் எங்கள் பிள்ளைகள் ஒரு துண்டுப் பவளமும் எடுத்து வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கரைவலை இழுப்பதைக் கண்டோம். படகு ஒன்று வலையின் ஒரு தலைக்கயிற்றைக் கரையில் விட்டு, கடலுக்குள் வளைவாகச் சென்று, மறுதலையைத் தொலைவிலுள்ள கரைக்குக் கொண்டு வருகிறது. பின்பு இருபுறமும் ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டோடு இழுக்கின்றனர். நடுவிலுள்ள மடியிலே மீன் திரள்கிறது. எங்கள் இளைஞர்களும் கயிறு பிடித்தனர். உள்ளங்கை சிவந்ததே அவர்கள் பெற்ற கூலி. இழுத்து முடிந்ததும் அம்மீனவர்கள் எங்களைத் தென்னை நிழலில் அமர்த்தித் தேநீர் தந்தனர். அதை அவர்கள் “தேத்தண்ணி” என்கின்றனர். பேசுவதைக் “கதைப்பது” என்றும், அழகை “வடிவு” என்றும், ரொட்டியைப் “பாண்” என்றும் சொல்கின்றனர். பாண் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். வடிவும் கதையும் நம்முடைய பழஞ்சொற்களே.

அவர்கள் சிரித்துப் பேசினாலும், அக்கரை துயரறியாத கரையன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த உள்நாட்டுப் போரையும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையையும் கண்ட கரை அது. அவ்வொரு நாளில் இலங்கையிலே 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்களோடு கயிறு பிடித்தவர்களில் உறவை இழக்காதவர் அரியர். அவர்கள் தாமே சொன்னதைக் கேட்டோம், சொல்லாததைத் துருவவில்லை. விருந்தினர்க்கு அதுவே முறை.

திருகோணமலை நகரிலே, கோட்டைக்குள் மான்கள் திரியும் பாதை வழியே ஏறி, கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் குன்றின்மீது திருக்கோணேச்சரத்தை வணங்கினோம். ஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலம் இது. 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்தனர். அதன் எச்சங்கள் சில குன்றின் அடியிலே கடலுக்குள் கிடப்பதை 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் மூழ்கிக் கண்டனர்.

அன்பர்களே! இனி அந்தக் கேள்விக்கு வருகிறோம்.

அந்நாட்டிலே பெயர்ப்பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளன. தமிழும் ஆட்சிமொழியாகும் என்று 1987இல் அவர்கள் அரசியலமைப்பைத் திருத்தினர். நம் வீட்டுக்குள்ளே ஒலிக்கும் மொழி அங்கே தெருவிலும், அஞ்சலகத்திலும், பேருந்து நிலையத்திலும் எழுத்தாக நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் வியப்போடு பார்த்தார்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் படித்தது ஆங்கில எழுத்தையே. பள்ளியிலே கன்னடமும் ஆங்கிலமும் இந்தியும் கற்கும் அவர்களுக்குத் தமிழ் செவியில் உண்டு, கண்ணில் இல்லை.

ஒரு மாலை, நாங்கள் தங்கிய விடுதிக்கு அருகில் இடியப்பம் விற்கும் மூதாட்டியிடம் எங்கள் சிறுவன் ஒருவன் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தான். அவன் பேச்சில் மகிழ்ந்த அம்மையார், வெளிநாட்டிலுள்ள தம் மகள் கைப்பேசியில் அனுப்பிய செய்தியை நீட்டி, “கண்ணாடியைக் காணவில்லை, மகன். இதை ஒருக்கால் வாசித்துச் சொல்லு” என்றார். பத்து வயதுப் பிள்ளை அதைக் கையில் வாங்கி, பார்த்து, தலை குனிந்து நின்றான். எங்களுள் ஒரு சகோதரி வாசித்துக் காட்டினார். மகள் அடுத்த மாதம் வருகிறாள் என்ற நற்செய்தி அது. அம்மையார் சிறுவனின் தலையைத் தடவி, “இவ்வளவு வடிவாகக் கதைக்கிறாயே! பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறதில்லையோ?” என்று கேட்டார். குறை கூறுவதாக அன்று. அறிய விரும்பியே கேட்டார்.

அவ்விரவே சிறுவன் எழுத்துக் கற்றுத் தரும்படி தானாகக் கேட்டான். மற்றப் பிள்ளைகளும் சூழ்ந்தனர். மணலே பலகை, விரலே எழுதுகோல். கிளம்பும் நாளிலே பேருந்து நிறுத்தப் பலகையின் முன் நின்று, நி, லா, வெ, ளி என்று கூட்டினான். கூட்டி முடித்தவன், “நிலா, வெளி! நிலா காயும் வெளியா?” என்று துள்ளினான். ஒரு வாரம் அவ்வூரிலேயே இருந்தும், ஆங்கில எழுத்திலே பலமுறை படித்தும், அப்பெயரின் பொருள் அவனுக்குப் புலப்படவில்லை. சொந்த எழுத்திலே படித்த நொடியில் புலப்பட்டது.

நம் பிள்ளைகளுக்கு இது கடினமன்று. கன்னடம் படிக்கும் பிள்ளைக்கு உயிரும் மெய்யும் தெரியும். அவற்றின் வரிசையும் தெரியும். இந்தியில் இல்லாத எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும் கன்னடத்தில் உண்டு. நான்கு ககரங்களுக்கு ஈடாகத் தமிழில் ஒன்றே. ழ, ற, ன ஆகியவற்றையே புதிதாகப் பழக வேண்டும். கன்னடத்தை விட்டுத் தமிழைக் கற்பதன்று இது. வாழவைக்கும் நாட்டின் மொழியையே படியாகக் கொண்டு தாய்மொழிக்கு ஏறுவது. 1969 முதல் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இயங்கிவரும் நகரம் நம்முடையது. மொழி கற்பிக்கும் முறை அறிந்தோர் நம்மிடையே இல்லாமற் போகார்.

ஆதலால் சங்கத்தின் முன் எங்கள் வேண்டுகோள் இதுவே. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், சங்கக் கூடத்திலே, கன்னட எழுத்தின் துணைகொண்டு தமிழ் எழுத்து கற்பிக்கும் வகுப்பைத் தொடங்குவோம். பயணம் சென்ற ஆறு குடும்பத்தினரும் முறை வைத்துக் கற்பிக்க ஆயத்தமாக உள்ளோம். அடுத்த ஆண்டு விழாவின் அழைப்பிதழை நம் பிள்ளைகளே மேடையில் நின்று படிக்கட்டும். நிலாவெளியிலுள்ள அம்மையாருக்கு அச்சிறுவன் தன் கையாலேயே ஒரு கடிதம் எழுதட்டும்.

 வாழ்க தமிழ்! வாழ்க கன்னட நாடு! வளர்க நம் சங்கம்!