மூல நூலைத் திறப்போம்



எம் 54.5 என்ற குறியீட்டை இந்த மருத்துவக் கோடிங் கருத்தரங்கில் அறியாதவர் இருக்க முடியாது. கீழ் முதுகு வலிக்கு ஆண்டுக்கணக்கில் எழுதிவந்த குறியீடு அது. 2021 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் அது செல்லாது. அதற்குப் பதிலாக 54.50, 54.51, 54.59 என்று மூன்று வந்துவிட்டன. இருமலுக்கான ஆர் 05-உம் அதே நாளில் பல கிளைகளாகப் பிரிந்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் கைமாறும் பிடிஎஃப்களிலும் ஜெராக்ஸ் குறிப்புகளிலும் பழைய எண்களை இன்னமும் பார்க்கிறேன். அவற்றை நம்பி அனுப்பிய கிளெயிம் டினையலாகித் திரும்புகிறது.

சென்னை, கோவை, திருச்சியில் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்துக் குறியீடு இடுபவர்களில் நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, உயிரியல் படித்தவர்கள் நிறைய. அவர்கள் உழைப்பில் குறை இல்லை. அவர்கள் கையில் நாம் கொடுக்கும் ஆதாரங்களில்தான் குறை இருக்கிறது.

நோய்க்கான ஐசிடி-10-சிஎம் பட்டியலும் அதன் அதிகாரபூர்வ வழிகாட்டு நெறிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. நெறிகளுக்கு ஒப்புதல் தருபவை நான்கு அமைப்புகள்: மெடிகேரை நடத்தும் சிஎம்எஸ், தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம், அமெரிக்க மருத்துவமனைச் சங்கம், அமெரிக்க சுகாதாரத் தகவல் மேலாண்மைச் சங்கமான அஹிமா. இவ்வளவு எளிதாகக் கிடைப்பதை முழுமையாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். புறநோயாளி என்றால் நிமோனியாவுக்குக் குறியீடு இடக்கூடாது, அறிகுறிக்குத்தான் இட வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் அதே சொல் இருந்தால் நிமோனியா என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முன்னது அந்நெறிகளின் நான்காம் பிரிவு, பின்னது இரண்டாம் பிரிவு. எந்தக் குறியீட்டுத் தேடுபெட்டியும் இதைச் சொல்லித் தராது.

சிகிச்சை முறைகளுக்கான சிபிடி நிலை வேறு. 1966-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் முதன்முதலில் வெளியிட்ட நூல் அது. பதிப்புரிமை இன்றும் அச்சங்கத்திடமே இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் புதிய பதிப்பு நடைமுறைக்கு வரும். ஆகவே ‘முழு சிபிடி இலவசம்’ என்று யாராவது நீட்டினால், அது எந்த ஆண்டுக்குரியது, எங்கிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள்.

ஒரு சார்ட்டைப் பார்ப்போம். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவர், புற்றுநோய் முன்பரிசோதனைக்காகக் கொலனோஸ்கோப்பிக்கு வருகிறார். மருத்துவர் ஒரு பாலிப்பை ஸ்னேர் கொண்டு அகற்றுகிறார், வேறோர் இடத்தில் இருந்த பாலிப்பில் பயாப்சி எடுக்கிறார். ஸ்னேருக்கு 45385, பயாப்சிக்கு 45380. இரண்டையும் சேர்த்துப் போட, எந்தக் குறியீடுகளைச் சேர்த்துப் போடக்கூடாது என்று சொல்லும் என்சிசிஐ விதிகள் குறுக்கே நிற்கும். இரண்டும் வெவ்வேறு இடத்துப் பாலிப்புகள் என்று சார்ட் தெளிவாகச் சொன்னால் மட்டுமே 59 என்ற மாடிஃபயர் செல்லும். முதல் நோய்க்குறியீடு இசட் 12.11. முன்பரிசோதனையாகத் தொடங்கியது என்று காட்ட மெடிகேருக்கு பிடி மாடிஃபயர், தனியார் காப்பீட்டுக்குப் பொதுவாக 33. இதை விட்டுவிட்டால் முன்பரிசோதனை நோயறியும் பரிசோதனையாகக் கணக்கில் ஏறும். காப்பீடு தந்திருக்க வேண்டிய பணத்துக்கான பில் நோயாளியின் வீட்டுக்குப் போகும். நம் மேசையில் விடுபட்ட இரண்டே எழுத்து, முகம் தெரியாத ஒரு குடும்பத்தின் கடனாகிவிடும்.

இந்த ஒரே சார்ட்டுக்கு சிபிடி, ஐசிடி, என்சிசிஐ, அந்தக் காப்பீட்டாளரின் விதி என நான்கையும் பார்த்தாக வேண்டும். என்சிசிஐ 1996 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கொரு முறை மாறுகிறது. சிஎம்எஸ் அதை இலவசமாகவே வெளியிடுகிறது. ஐயம் தீராதபோது, மருத்துவமனைச் சங்கம் 1984 முதல் வெளியிட்டுவரும் ‘கோடிங் கிளினிக்’, சிபிடிக்கு ‘சிபிடி அசிஸ்டன்ட்’ ஆகியவற்றுக்குப் போகலாம். சீனியர் சொன்னது நமக்கு வழி காட்டும், ஆடிட்டில் ஆதாரமாக நிற்காது. மருத்துவக் கோடிங் சான்றிதழுக்கான சிபிசி தேர்விலேயே குறியீட்டு நூல்களைத் திறந்து வைத்து எழுத அனுமதிக்கிறார்கள். மனப்பாடத்தை இத்தொழில் என்றுமே கேட்டதில்லை.

நிறுவனத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: நடப்பாண்டு நூலும் உரிமம் பெற்ற மென்பொருளும் ஆடிட்டர் மேசையோடு நின்றுவிடக் கூடாது. நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளருக்கும் அவை கிடைக்க வேண்டும். கல்லூரி நூலகங்கள் பழைய பதிப்பைக் குறிப்பு நூல் அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இன்று கட்டுரை வாசிப்போர் ஒவ்வொரு விடையோடும் ஆவணத்தின் பெயர், ஆண்டு, பிரிவு எண் மூன்றையும் சொல்லுங்கள். கேட்போர், அவற்றைச் சொல்லாத விடையை ஏற்காதீர்கள். இவ்வேண்டுகோளுடன் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.