அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு

தமிழகத்திலிருந்து புனேக்கோ ஜாம்ஷெட்பூருக்கோ சென்று இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேரும் இளைஞர், அவ்வூர் மொழியைப் பேசப் பழகச் சில மாதங்கள் ஆகலாம். வெர்னியர் காலிப்பர் அத்தனை நாள் பொறுப்பதில்லை. சேர்ந்த அன்றே அதைக் கையில் கொடுத்து, அளவு என்னவென்று கேட்பார்கள். மில்லிமீட்டர் பள்ளியில் படித்தது, சமாளித்துவிடலாம். அங்குலக் கோடுகளைக் கண்டவுடன்தான் திகைப்பு உண்டாகிறது.

மீட்டர் முறைக்கான சட்டம் நம் நாட்டில் 1956இல் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் அங்குலம் மறைந்துவிடவில்லை. குழாய்களின் மரைகளும், பழைய கடைசல் இயந்திரங்களும், அமெரிக்காவுக்கு அனுப்பும் உறுப்புகளின் வரைபடங்களும் இன்றும் அங்குலத்தையே பேசுகின்றன. ஆகவே அதைக் கற்பது வீண்வேலை அன்று.

1631ஆம் ஆண்டில் பியர் வெர்னியர் என்ற கணித அறிஞர் வெளியிட்ட கருத்து மிக எளியது. சற்றே வேறுபட்ட பகுப்புகளையுடைய இரண்டு அளவுகோல்களை அருகருகே வைத்தால், கண்ணுக்கு எட்டாத சிறு வேறுபாட்டையும் கோடுகளை எண்ணியே அறியலாம் என்பதே அது.

பட்டறைகளில் பெரிதும் காணும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். அதன் பிரதான அளவுகோலில் ஓர் அங்குலம் பத்தாகப் பகுக்கப்பட்டிருக்கும். அந்தப் பத்தில் ஒவ்வொன்றும் மீண்டும் நான்காகப் பகுக்கப்பட்டிருக்கும். ஆகவே மிகச் சிறிய பகுதி 0.025 அங்குலம், அதாவது ஆயிரத்தில் இருபத்தைந்து. நகரும் வெர்னியரிலோ இருபத்தைந்து பகுதிகள் உண்டு. அவை பிரதான அளவுகோலின் இருபத்துநான்கு பகுதிகளுக்குச் சமம். எனவே வெர்னியரின் ஒரு பகுதி 0.024 அங்குலம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.001 அங்குலம். இதுவே இக்கருவியின் மீச்சிற்றளவு.

இனி அளந்து பார்ப்போம். வெர்னியரின் சுழிக்கோடு 1 அங்குலத்தைத் தாண்டி, அதற்குப் பின்னுள்ள 4 என்ற எண்ணையும் தாண்டி, மேலும் மூன்று சிறு கோடுகளைக் கடந்து நிற்கிறது. வெர்னியரின் 12ஆம் கோடு மட்டும் மேலுள்ள ஒரு கோட்டுடன் நேராகப் பொருந்துகிறது. ஒன்று, அதனோடு 0.400, மூன்று சிறு பகுதிகளுக்கு 0.075, வெர்னியருக்கு 0.012. மொத்தம் 1.487 அங்குலம். ஒரு ரூபாயைக் கால், அரை, முக்கால் என்று எண்ணுவதுபோல், சிறு கோடுகளை இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து என்று எண்ணிப் பழகினால் போதும்.

நம் ஊர்த் தச்சர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பங்கை ‘நூல்’ என்பார். இந்தி வழங்கும் பகுதிகளில் அதே அளவைச் ‘சூத்’ என்பார்கள். அச்சொல்லுக்கும் நூல் என்றே பொருள். ஒரு நூல் என்பது 0.125 அங்குலம், காலிப்பரில் சரியாக ஐந்து சிறு பகுதிகள். மூன்று நூல் என்றால் 0.375. ஆக, தச்சரின் நூலுக்கும் காலிப்பரின் தசமத்துக்கும் இடையே பகையில்லை.

பெயரை மட்டும் நம்பிவிடக் கூடாது. ‘அரை அங்குலக் குழாய்’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். அதன் பிரிட்டிஷ் முறை மரையின் வெளிவிட்டமோ 0.825 அங்குலம். அரை என்பது உள்துளையை ஒட்டி வந்த பெயர். உண்மையைச் சொல்வது அளவிதான்.

பிழை நேரும் இடங்கள் சிலவே. வெர்னியர்த் தகட்டின் ஓரத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது. சுழிக்கோட்டையே பார்க்க வேண்டும். கண் கோட்டுக்கு நேராக இருக்க வேண்டும். தாடைகளைத் துடைத்து மூடிப் பார்க்கும்போது சுழிக்கோடுகள் பொருந்தாமல் 0.002 என்று காட்டினால், எடுக்கும் ஒவ்வோர் அளவிலும் அதைக் கழித்துவிட வேண்டும். முனைகளால் துளையின் உட்புறத்தை அளக்கும் சில வகைகளில், அம்முனைகளின் பருமனைக் கூட்ட வேண்டும். அது கருவியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, ஒரு சிறு கோட்டை எண்ணாமல் விடுவதே. அதனால் 0.025 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டருக்கும் மேல், தவறிப்போகும். தாங்கியில் இறுக்கமாக அமர வேண்டிய தண்டு ஆடும். சீவிய இரும்பு திரும்பி ஒட்டாது. அன்றைய உழைப்பும் அந்த உலோகமும் வீண். எண்ணைத் தானே காட்டும் மின்னணுக் காலிப்பர்கள் இப்போது வந்துவிட்டன. ஆனால் மின்கலம் ஓய்ந்த நாளிலும் வேலை நிற்கக் கூடாதல்லவா?

நாள்தோறும் பத்துப் பொருள்களை அளந்து, எழுதி, பழகிய ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊர்மொழி நாவுக்கு வருமுன்னே இக்கோடுகள் கண்ணுக்கு வந்துவிடும். சொன்ன அளவு சரியாக இருந்துவிட்டால், சொன்ன மொழி தட்டுத்தடுமாறினாலும் பட்டறையில் யாரும் குறையாக எண்ண மாட்டார்கள்.