சர்க்கார் சம்பளமும் தோட்டத்துக் கூலியும்

(பினாங்கு ஜோர்ஜ் டவுனில் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது பணத்தைப் பற்றிய விஷயம். சர்க்கார் கஜானாவிலுள்ள பணம் யாருக்குச் சம்பளமாகப் போகிறது, யாருக்கு உதவியாகப் போகிறது, யார் வீட்டு வாசலுக்கு வராமலே நின்றுவிடுகிறது என்பதே கேள்வி. உங்களில் பலர் விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பாலை ஸ்டோரில் கொடுத்துவிட்டு, அக்கரையிலிருந்து பெர்ரி ஏறி வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லுகிறோம்.

2024-ஆம் ஆண்டு மே தினத்தன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அரசாங்க ஊழியருக்குச் சம்பளம் உயரும் என்று அறிவித்தார். அதன்படி அவ்வாண்டு டிசம்பர் 1 முதல் 8 விழுக்காடும், 2026 ஜனவரி 1 முதல் 7 விழுக்காடும் என இரண்டு தவணையாக உயர்வு வந்தது. உச்சிப் பதவிக்காரர்களுக்கு மட்டும் இது குறைவு: நான்கும் மூன்றுமாக 7 விழுக்காடு. மிகக் கீழ்ப்படியிலுள்ள ஊழியருக்கும் படிகள் உள்பட மாதம் 2,000 வெள்ளி வருமானத்துக்குக் குறையாது என்றார்கள். இதற்கு ஆகும் செலவு 10 பில்லியன் வெள்ளிக்கு மேல் என்றும் சொன்னார்கள். ஆயிரம் கோடி வெள்ளி, தோழர்களே!

இந்தச் செய்தி வந்த நாள்முதல் நம்மவரில் சிலருக்கு மனம் கசந்து போயிருக்கிறது. "ஆபீசில் குளிர்காற்றில் உட்கார்ந்திருப்பவனுக்கு உயர்வு, கொசுக்கடியில் மரத்தடியில் நிற்பவனுக்கு டீசல் விலை உயர்வா?" என்று ஒரு தோழர் நம்மிடமே கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கோபம் போகவேண்டிய வீடு வேறு. சர்க்கார் ஊழியன் பெற்றதை நாம் குறை கூறினால், அதைக் கேட்டு மகிழ்பவர்கள் தோட்ட முதலாளிகளே ஆவர். "அவனுக்கு ஏன் கொடுத்தாய்?" என்று கேட்கும் தொழிலாளி, "எனக்கும் கொடு" என்று கேட்க மறந்துவிடுகிறான்.

நமது சரித்திரத்தைச் சற்றுப் பாருங்கள். இந்நாட்டில் சாலை போட்டவர், தண்டவாளம் பதித்தவர், இந்த ஜோர்ஜ் டவுன் முனிசிபாலிட்டியில் சாக்கடை சுத்தம் செய்தவர் எல்லாரும் யார்? நம்மோடு ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒருவர் தோட்டத்துக்குப் போனார். அவர் தம்பி சர்க்கார் கூலியானார். அந்தச் சர்க்கார் கூலிக்கும் அன்று நாட்சம்பளமே. 1962 டிசம்பரில் இரயில்வே தொழிலாளர்கள், நாட்கூலிக்காரரை மாதச் சம்பளக்காரராக்கு என்று கேட்டு, மூன்று வாரம் வண்டிகளை நிறுத்தினார்களே, அது தானாகக் கிடைத்த வரமா? போராடிப் பெற்றது. இரயில்வேக்காரன் மாதச் சம்பளம் கேட்டதைப் பார்த்துத்தான் தோட்டத்திலும் அந்தக் குரல் வலுத்தது. ஆனால் நமக்கு அது கிடைக்க எத்தனை காலம் ஆயிற்று! 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில்தான், மாதம் 350 வெள்ளி என்ற அளவில் தோட்டத்துக்கு ஓர் ஏற்பாடு வந்தது.

சர்க்கார் சம்பளத்துக்கும் நமது கூலிக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் சம்பளம் உலகச் சந்தையோடு ஏறி இறங்குவதில்லை. நமது கூலியோ ரப்பர் விலையின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது. 1930-இல் விலை சரிந்தபோது ஆணுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி 40 காசாயிற்று. பெண்ணுக்கு 40 காசு 32 ஆயிற்று. விலை ஏறிய காலத்தில் கூலி அதே வேகத்தில் ஏறியதா என்பதை உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் தெரியும்.

இப்பொழுது நிலைமை என்ன? குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நம்மையும் தொடுகிறது. 2013-இல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கி, 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ஆயிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவருக்கு மட்டும் ஆகஸ்டு வரை தவணை கொடுத்தார்கள். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. சர்க்கார் கடைநிலை ஊழியனின் 2,000 வெள்ளி படிகளையும் சேர்த்த கணக்கு; நமது 1,700 வெறும் அடிப்படைச் சம்பளம். இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முழுச் சரியன்று. ஆனாலும் படி என்று ஒன்று கிடைக்காத தோட்டங்கள் உண்டல்லவா? அங்கே இடைவெளி 300 வெள்ளி. அரிசிக் கடைக்காரன் இருவருக்கும் ஒரே விலைதான் சொல்லுகிறான்.

துண்டு வேலை செய்பவரும், கிலோக் கணக்கில் பாலுக்குச் சம்பளம் பெறுபவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "உன் வேலை கிலோக் கணக்கு, ஆகவே 1,700 உனக்கில்லை" என்று எவராவது சொன்னால் அது தவறு. துண்டு வேலைக்காரனுக்கும் மாதச் சம்பளம் அந்த அளவுக்குக் குறையக்கூடாது என்றுதான் ஆணை சொல்லுகிறது. தகராறெல்லாம் மழை நாளில் வருகிறது. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. பெரட்டுக்களத்துக்கு வந்து, காத்திருந்து, திரும்பிப் போனவனின் பெயர் செக்ரோலில் எப்படி எழுதப்படுகிறது? இதற்குப் பதில் கிராணிமார்களின் பேனா முனையில் இருக்கிறது. நிர்வாகம் சொல்லுகிறபடி எழுத வேண்டிய சங்கடம் உங்களுக்கு இருப்பதை நாம் அறிவோம். ஆனால் வந்தவனை வராதவனாக எழுதச் சொன்னால், சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். உங்கள் பெயர் வெளியே வராது.

இனி ஒரு கூட்டத்தாரைப் பற்றிப் பேச வேண்டும். அவர்கள் சர்க்கார் கட்டடத்தில் வேலை செய்பவர்கள். ஆனால் சர்க்கார் ஊழியர் அல்லர். 1990-ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு வேலை தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களிலும் துப்புரவும் காவலும் குத்தகைக்குப் போயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறியபோது வெளியேறிய நம் பெண்களில் எத்தனையோ பேர் இந்த வேலைகளுக்குத்தான் போனார்கள். பத்து காவானைப் பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டம், இன்று ஆலைகளும் பாலமும். அங்கே பால் வாளி தூக்கிய குடும்பத்துப் பெண் இன்று எங்கோ ஒரு வார்டில் துடைப்பம் பிடிக்கிறாள்.

அவள் துடைக்கும் அதே வார்டில் நிற்கும் தாதிக்கு 8 விழுக்காடும் 7 விழுக்காடும் உயர்வு வந்தது. நல்லது, அந்தத் தாதியும் ஓயாமல் உழைப்பவள்தான். துடைப்பவளுக்கு? குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவே. அதைவிடக் கொடுமை, குத்தகை கைமாறும்போது புதுக் கம்பெனி அவளைப் புதிய ஆளாக எடுத்துக்கொள்வது. பதினைந்து வருஷம் அதே தரையைத் துடைத்தவளுக்கு வருஷ விடுமுறை மறுபடியும் முதல் வருஷக் கணக்கு! சர்க்கார் சம்பளச் சீர்திருத்தம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால், அந்தச் சீர்திருத்தத்தைப் பாதி வேலை என்றுதான் நாம் சொல்லுவோம். குத்தகை மாறினாலும் சேவைக்காலம் தொடரவேண்டும் என்ற ஒரு வரியை, சர்க்கார் தான் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு குத்தகைப் பத்திரத்திலும் எழுதலாம். இதற்குப் பத்து பில்லியன் வேண்டியதில்லை.

பென்ஷன் விஷயமும் உண்டு. 2024 பிப்ரவரி முதல் சர்க்கார் வேலைக்குப் புதிதாகச் சேருபவருக்குப் பழைய பென்ஷன் இல்லை. நம்மைப்போல் ஊழியர் சேமநிதிதான் என்ற ஏற்பாடு வந்துவிட்டது. பழைய ஊழியர் 30 வருஷம் வேலை செய்தால் கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஆயுள்வரை பெறுவார். நமக்கு 1951-இல் சட்டமான சேமநிதி. அது நல்ல திட்டமே, மறுக்கவில்லை. ஆனால் கொஞ்சமாக விதைத்தால் கொஞ்சமாகத்தானே விளையும்? மாதம் 350 வெள்ளி வாங்கிய காலத்தில் தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து போட்டது 80 வெள்ளி சுமாருக்குத்தான். கோவிட் காலத்தில் நாட்டு மக்கள் சேமநிதியிலிருந்து எடுத்தது 145 பில்லியன் வெள்ளி. எடுக்காமல் அன்று சாப்பிட முடியாது; எடுத்துவிட்டதால் முதுமையில் சாப்பாடு கேள்வியாயிற்று. சர்க்காரின் புது ஊழியனும் நமது படகில் ஏறிவிட்டபடியால், படகின் ஓட்டையை அடைக்க இனி அவர்களும் நம்மோடு சேர்ந்து குரல் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

அடுத்து மானியம். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே இரவில் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாயிற்று. 2023 நவம்பரில் கோழி மானியம் நின்றது; 2025 ஆகஸ்டில் முட்டை மானியம் நின்றது. 2025 செப்டம்பர் 30 முதல், லைசென்சு உள்ள குடிமகனுக்கு மாதம் 300 லிட்டர் வரை பெட்ரோல் 1 வெள்ளி 99 காசுக்கு என்ற திட்டம் வந்தது.

எல்லாருக்கும் ஒரே மானியம் என்ற பழைய முறையை நாம் ஆதரிக்கவில்லை என்றால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். யோசித்துப் பாருங்கள். மூன்று மோட்டார் கார் வைத்திருப்பவன் வாங்கிய மானியம் எவ்வளவு? ஹோண்டா கப் சைக்கிளில் பால் மரத்துக்குப் போகிறவன் வாங்கியது எவ்வளவு? மலிவு டீசல் எல்லை தாண்டிக் கள்ளத்தனமாகப் போனதைக் கெடாப் பக்கத்துத் தோழர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஆகையால் பணக்காரனுக்கு நிறுத்துவது சரியே. நமது சண்டை வரிசையைப் பற்றியது. ஏழைக்கு உதவி முதலில் கைக்கு வரட்டும். விலை பிறகு ஏறட்டும். இங்கே பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது.

இன்னொன்று. 2024 பட்ஜெட்டில் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை கிடைக்கும் விலை வரம்பைக் கிலோவுக்கு 2 வெள்ளி 70 காசிலிருந்து 3 வெள்ளியாக உயர்த்தினார்கள். சிறுதோட்டக்காரருக்கு அது நல்ல உதவி. கம்பெனித் தோட்டத்தில் கூலிக்குச் சீவுபவனுக்கு அதில் பங்கில்லை. ஒரே உளி, ஒரே பால். ஒருவனுக்கு உண்டு, ஒருவனுக்கு இல்லை.

வெளிநாட்டில் என்ன நடக்கிறது என்பதையும் பார்ப்போம். இலங்கையில் 2025 பட்ஜெட்டில் அரசாங்க ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக்கினார்கள். மலையகத்துத் தேயிலைத் தொழிலாளருக்கு நாட்கூலி அப்போது 1,350 ரூபாய். 2026 பட்ஜெட்டில் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாய் சர்க்காரே தரும் என்று அறிவித்தார்கள். கம்பெனி கொடுக்க வேண்டியதைப் பொதுப்பணம் கொடுக்கலாமா என்று கேட்கத் தோன்றும், நமக்கும் தோன்றுகிறது. ஆனாலும் தோட்டத் தொழிலாளியின் கூலி தன் பட்ஜெட்டில் பேசவேண்டிய விஷயம் என்று ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டதே, அது சிறிய காரியமன்று. தமிழ்நாட்டிலோ 2003 ஜூலையில் பென்ஷன் சலுகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த சர்க்கார் ஊழியர், ஆசிரியரில் சுமார் 1,70,000 பேரை ஜெயலலிதாவின் அரசாங்கம் வேலையிலிருந்து நீக்கியது. பெரும்பாலோர் பின்னர் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள் என்றாலும், சர்க்கார் ஊழியன் தனித்து நின்றால் அவனையும் ஒடிக்க முடியும் என்பது அன்று தெரிந்தது.

கடைசியாக, உதவித்தொகை வராத நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி. ரொக்க உதவி குடிமக்களுக்கு. மைகார்டைக் காட்டி அரிசியும் எண்ணெயும் வாங்கும் சாரா திட்டமும் அப்படியே. 2025 ஆகஸ்டு 31 முதல் எல்லாப் பெரியவர்களுக்கும் ஒருமுறை கொடுத்த 100 வெள்ளியும் அப்படியே. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் பாட்டிக்கு எதுவுமில்லை. நாற்பது வருஷம் இந்த நாட்டு மரத்தில் பால் எடுத்தவள். கார்டின் நிறம் சரியில்லையாம்! 1907 முதல் முதலாளிமாரிடம் நம்மவர் பெயரால் பணம் வசூலித்து ஒரு நிதி நடந்தது. அது 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறி, 1999-இல் சட்டத்தின் மூலம் கலைக்கப்பட்டது. அந்த நிதி யாருடைய முதுமைக்காக இருந்ததோ, அவர்களுக்குக் குடியுரிமை இல்லையென்று இன்று உதவி மறுப்பது எந்த நியாயம்? நீண்டகாலம் இங்கே வாழ்ந்த 60 வயதுக்கு மேற்பட்ட சிவப்புக் கார்டுக்காரருக்கும் ரொக்க உதவி வேண்டும் என்று நமது சங்கம் கேட்கவேண்டும். குத்தகைத் தொழிலாளரின் சேவைக்காலத்தைப் பற்றிய கோரிக்கையோடு இதையும் இன்றைய தீர்மானத்தில் சேர்த்திருக்கிறோம்.

தீர்மானம் மட்டும் போதாது. கையில் காகிதம் வேண்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவாருங்கள். 1,700-க்குக் குறைந்த மாதங்களைக் குறித்துக்கொள்வோம். சிவப்புக் கார்டுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் அவருடைய பிறப்புப் பத்திரம், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைச் சீட்டு, பழைய சேமநிதிக் காகிதம், எது இருந்தாலும் சரி, எடுத்துவாருங்கள். கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டம் விற்பனையாகும்போது ஆபீசிலுள்ள பழைய செக்ரோல் ஏடுகளைக் குப்பையோடு கொளுத்துகிறார்கள். ஒரு கிழவி எந்த வருஷத்திலிருந்து இங்கே வேலை செய்தாள் என்பதற்குச் சில வேளைகளில் அது ஒன்றே சாட்சி. கொளுத்துவதற்கு முன் நமக்குச் சொல்லியனுப்புங்கள். லாரி பிடித்தாவது வந்து ஏற்றிக்கொண்டு போகிறோம்.