ராஜினாமா எழுதிக் கொடாதீர்!
(தியாகராய நகரில் ஆற்றிய உரை)



பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள ஜவுளிக் கடைகளில் தொங்கும் சட்டையின் விலை நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தைத்த கை தெரிவதில்லை. அந்தக் கைகளுக்கு 2020-ல் நேர்ந்த கதியைச் சொல்லவே வந்திருக்கிறோம்.

அவ்வாண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ரங்கநாதன் தெருவிலும் பாண்டி பஜாரிலும் கடைகள் அடைபட்டன. வெளிநாட்டுக் கம்பெனிகள் கொடுத்த ஆர்டர்களை ரத்துச் செய்தன. பிடித்தமின்றிச் சம்பளம் கொடு என்று மார்ச் 29-ல் உத்தரவு போட்ட மத்திய சர்க்கார், மே 18 முதல் அதையும் கைவிட்டது.

காவிரி நம்மிடம் வரும் வழியில் இருப்பது ஸ்ரீரங்கப்பட்டணம். அங்கே கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ் கம்பெனியின் ஆடை ஆலையில் ஜூன் 6-ல் சுமார் 1,200 பேருக்கு லே-ஆப். பெரும்பாலோர் பெண்கள், ஸ்வீடன் நாட்டு எச் அண்ட் எம் கம்பெனிக்குத் துணி தைத்தவர்கள். ஆர்டர் இல்லை என்றது நிர்வாகம். அப்படியானால், இத்தனை ஆலைகள் இருக்க, சங்கம் வலுவாக உள்ள ஆலையில் மட்டும் ஏன் கை வைத்தாய் என்று கேட்டது ஆடை, ஜவுளித் தொழிலாளர் சங்கம். பெண்கள் வாரக்கணக்கில் ஆலையிலேயே உட்கார்ந்து போராடினார்கள். 2021 பிப்ரவரியில் நிர்வாகம் சங்கத்தை அங்கீகரித்து, வேலையிழந்தோரைத் திரும்ப எடுக்க ஒப்புக்கொண்டது.

தோழர்களே, நோய் வேலையைப் பறித்தது பாதி. நோயைச் சாக்கிட்டுப் பறித்தது மீதி!

100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன் அனுமதி வேண்டும் என்று அன்று சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டம் அதை 300 ஆக்கிவிட்டது. 150 பேர் தைக்கும் ஆலையின் முதலாளி இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து உழைத்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் நஷ்ட ஈடும் தரவேண்டும். 'நானாக விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் இந்த நஷ்ட ஈடு போச்சு! அதனால்தான் நிர்வாகம் வேலை நீக்க உத்தரவை எழுதாமல், ராஜினாமாக் காகிதத்தை நீட்டுகிறது.

வயலில் வேலை போதாமல் மகளைத் தையல் ஆலைக்கு அனுப்பியுள்ள விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இதை இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள். சம்பளச் சீட்டும் அடையாள அட்டையும் பத்திரமாக இருக்கட்டும். காகிதம் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வாருங்கள். தனியாக வரவேண்டாம், பக்கத்து மிஷினில் உட்காருபவரையும் அழைத்து வாருங்கள்!