வெந்நீர் ஊற்றின் குட்டி அல்லி

உலகில் அறியப்பட்ட அல்லி இனங்களிலேயே மிகச் சிறியது ஆப்பிரிக்காவின் ருவாண்டா நாட்டைச் சேர்ந்தது. நாட்டின் தென்மேற்கில் மஷ்யூசா என்ற இடத்தில் உள்ள ஒரு வெந்நீர் ஊற்றின் கரைதான் அதன் சொந்த மண். தாவரவியலில் அதற்கு நிம்ஃபேயா தெர்மாரம் என்று பெயர். தெர்மாரம் என்பது வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மனியைச் சேர்ந்த தாவரவியலாளர் எபர்ஹார்டு ஃபிஷர் 1987இல் இதைக் கண்டறிந்தார்.

நம் ஊர்க் குளங்களில் அல்லி இலை ஒன்று உள்ளங்கையை மூடிவிடும். இந்த அல்லியின் இலையோ ஒரு சென்டிமீட்டர் அகலத்திலும் இருக்கக்கூடும். சட்டைப் பொத்தான் அளவுதான். சிறிய வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் கேசரங்கள். பூ தன் மகரந்தத்தாலேயே விதை கட்டிவிடும். காய் பிடித்ததும் காம்பு மெல்ல வளைந்து, காயைக் கொண்டுபோய்ச் சேற்றில் சாய்த்து வைக்கும். தாய்ச்செடி வளர்ந்த அதே ஈரத்தில் விதையும் விழுகிறது.

மற்ற அல்லிகள் நீரில் நிற்கும்; இது சேற்றில் நிற்கும். ஊற்றுக்கண்ணுக்கு அருகே நீர் தாங்க முடியாத சூடு. தள்ளிப் போனால் மண் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, வழிந்தோடும் நீர் ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸுக்கு ஆறி மண்ணை நனைக்கும் சிறு திட்டுதான் இதன் வாழிடம். இவ்வளவு குறுகிய இடத்தில் ஓர் இனம் முழுவதும் அடங்கியிருந்ததே அதன் பலவீனம். ஊற்று நீரை உள்ளூர்த் தேவைக்காக வேறு பக்கம் திருப்பியதும் கரை வறண்டது. யாரும் செடியைப் பிடுங்கவில்லை, வெட்டவில்லை. ஆனாலும் 2008 வாக்கில் அந்த ஊற்றங்கரையில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை.

நல்லவேளையாக, ஃபிஷர் முன்பே சில செடிகளை ஜெர்மனியின் பான் நகரத் தாவரவியல் பூங்காவுக்குச் சேர்த்திருந்தார். அங்கே அவை உயிரோடு இருந்தன, ஆனால் பெருகவில்லை. பிறகு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலை வல்லுநர் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். விதைகள் நீருக்கடியில் முளைத்தன. நாற்றுகள் மட்டும் தேறாமல் ஒவ்வொன்றாகச் செத்தன. அவர் நீரின் ஆழத்தை மாற்றிப் பார்த்தார், தன்மையை மாற்றிப் பார்த்தார், பலனில்லை. கையில் இருந்த விதைகளோ குறைந்துகொண்டே வந்தன.

ஃபிஷர் எழுதிவைத்த வாழிடக் குறிப்பில்தான் விடை இருந்தது. இது சேற்றுச் செடி என்றால் இதன் இலைகள் காற்றில் இருக்க வேண்டும். தாவரம் உணவு தயாரிக்கக் கரியமில வாயு தேவை. அந்த வாயு காற்றில் தாராளமாகப் பரவும். தேங்கிய நீரில் மிக மெதுவாகத்தான் பரவும். மூழ்கிய நாற்றுகள் பட்டினி கிடந்து மாண்டிருக்கின்றன. மக்தலேனா நாற்றுகளைச் சிறு தொட்டிகளில் நட்டு, தொட்டியின் மண் மட்டமும் நீர் மட்டமும் ஒன்றாக இருக்கும்படி வைத்தார். வேர் ஈரத்தில், இலை காற்றில், சூடு 25 டிகிரி. செடிகள் தழைத்தன. 2009 நவம்பரில் கியூவில் முதல் பூ மலர்ந்தது. ஒரு செடி எங்கே எப்படி வளர்கிறது என்று பொறுமையாகக் குறித்துவைப்பது எத்தனை பெரிய உதவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

2014 ஜனவரியில் கியூவின் கண்ணாடிக் கூடத்திலிருந்து ஒரு செடியை யாரோ தோண்டி எடுத்துச் சென்றார்கள். அரிய செடிகளைக் காசுக்கு வாங்குவோர் இருக்கும்வரை காட்சிக்கு வைப்பதிலும் இந்த ஆபத்து உண்டு.

இந்தக் குட்டி அல்லி ஆய்வுக்கூடங்களுக்கும் பயன்பட்டது. பூக்கும் தாவரங்களின் குடும்ப மரத்தில் மிகப் பழங்காலத்திலேயே தனியாகப் பிரிந்த கிளைகளுள் அல்லிகளும் ஒன்று. மற்ற அல்லிகளுக்குக் குளமோ தொட்டியோ வேண்டும். இதற்குச் சிறு சட்டி போதும்; சில மாதங்களில் விதையிலிருந்து விதைக்கு வந்துவிடும். இதன் முழு மரபணுத் தொகுதி 2020இல் வெளியிடப்பட்டது.

2023இல் ருவாண்டாவிலேயே இயற்கையாக வளரும் செடிகள் மீண்டும் கண்ணில் பட்டன. பூங்காக்களில் இருப்பவை எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய செடிகளின் வழிவந்தவை. தம் மகரந்தத்தாலேயே விதை கட்டிப் பெருகியவை. அவற்றிடம் இல்லாத மரபு வேறுபாடுகள் சொந்த மண்ணில் தப்பிய செடிகளிடம் இருக்கலாம். அந்தச் செடிகளைக் காப்பதற்குச் சுற்றி வேலி கட்டுவது மட்டும் போதாது. வெதுவெதுப்பாக வழியும் அந்தக் கொஞ்ச நீர் ஆண்டு முழுவதும் அதே வழியில் ஓட வேண்டும்.