திருப்பதி லட்டுவும் இன்டர்நெட் கால மார்க்கெட்டிங்கும்

(சித்தூரில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிராண்ட் பற்றிப் பேசச் சொன்னார்கள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஆயுசு முழுக்க சர்க்கார் ஃபைல் பார்த்தவனுக்கு இது அன்னிய விஷயம். ஆனால் 70 கிலோமீட்டரில் திருப்பதியை வைத்துக்கொண்டு உதாரணத்துக்கு அமெரிக்கா போவானேன்?

பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம் என்று நாலு அம்சங்களை மெக்கார்த்தி என்ற பேராசிரியர் 1960-இல் எழுதினார். இன்றும் மானேஜ்மென்ட் மாணவர்கள் அதைத்தான் படிக்கிறார்கள். லட்டுவை அதில் வைத்துப் பாருங்கள். எடை 175 கிராம், விலை 50 ரூபாய். வாங்கக் கியூவில் நிற்க வேண்டும். விளம்பரம் யாராவது பார்த்திருக்கிறீர்களா? தினம் மூன்று லட்சத்துக்கு மேல் போகிறது!

காரணம் படித்தரம். எத்தனை லட்டுக்கு எத்தனை பொருள் என்று எழுதி வைத்த அளவு. தெலுங்கில் திட்டம் என்பார்கள். 5,100 லட்டுக்கு நெய் 165 கிலோ, கடலை மாவு 180, சர்க்கரை 400, முந்திரி 30; அப்புறம் திராட்சை, கற்கண்டு, ஏலம். இன்றைய லட்டு 1940-களில் வந்தது என்றும், அதற்குக் காரணம் கல்யாணம் அய்யங்கார் என்றும் சொல்வார்கள். மிராசு முறை 1987 சட்டத்தில் போயிற்று, சுப்ரீம் கோர்ட்டும் 1996-இல் அதை ஏற்றது. மனிதர்கள் மாறினார்கள், படித்தரம் இருந்தது.

2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. திருப்பதி லட்டு என்ற பெயரை வேறு யாரும் போட்டு விற்கக் கூடாது. ஆனால் இன்டர்நெட்டில் பெயரைத் திருடுவது சுலபம். ஒரு எழுத்தை மாற்றி தேவஸ்தானம் போலவே சைட் போட்டு, தரிசன டிக்கெட் என்று பணம் பறிக்கிறார்கள். 2023-க்குள் இப்படி 40 போலி சைட்டுகள் பிடிபட்டன. வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் ஒன்று கவனியுங்கள்: அசல் முகவரி 'ஏபி டாட் ஜிஓவி டாட் இன்' என்றுதான் முடியும்.

இது வெளியிலிருந்து வரும் திருட்டு. உள்ளே வந்த ஆபத்துதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2024 செப்டம்பரில் நெய்யில் கலப்படம் என்று செய்தி வந்தது. ஒரே நாளில் வாட்ஸ்அப் மூலம் உலகம் முழுக்கப் பரவிற்று. அக்டோபர் 4-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. குற்றம் யாருடையது என்பதைக் கோர்ட் சொல்லட்டும். நான் டெண்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2023-இல் கர்நாடகத்தின் நந்தினி நெய் விலை கட்டாமல் விலகியது. பிறகு வந்தவர்கள் கேட்டது கிலோ 320-லிருந்து 411 ரூபாய். வீட்டில் வெண்ணெய் காய்ச்சிய எந்த மாமியைக் கேட்டாலும் 320 ரூபாய்க்கு சுத்தமான பசு நெய் வராது என்று சொல்லியிருப்பாள். ஆனால் சர்க்கார் ஆபீசில் குறைந்த டெண்டரைத் தள்ளுவதுதான் கஷ்டம். ஆடிட் கேள்வி வரும், பக்கம் பக்கமாகப் பதில் எழுத வேண்டும். மலிவாக வாங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள். படித்தரத்தில் நெய்யின் எடை இருந்தது. அது என்ன நெய் என்பதை டெண்டர் தீர்மானித்தது.

அந்தப் பரபரப்பிலும் நாலு நாளில் 14 லட்சம் லட்டு விற்றது. பிராண்டின் பலம் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது சந்தோஷமாக இல்லை. கும்பிட்டு வாங்கிக்கொள்கிறவன் புகார் கொடுக்க மாட்டான். அவனுக்காக யாராவது முன்கூட்டியே சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

கலப்படத்தைச் சோதிக்கத் தேவஸ்தானத்திடம் சொந்தக் கருவி இல்லை என்று நிர்வாக அதிகாரியே அப்போது சொன்னார். சாம்பிள் குஜராத்தின் ஆனந்த் வரை போயிற்று. கருவியின் விலை சுமார் 75 லட்சம் ரூபாய். ஏழுமலையானுக்கு அது ஒரு தொகையா?

நந்தினி 2024-இலேயே திரும்ப வந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.